கருக்கலைப்பு மாத்திரைகள்: யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது, எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்

கர்ப்பத்தின் முதல் 12 வாரங்களுக்குள் மாத்திரையால் கருவைக் கலைப்பது பற்றி அடிக்கடி வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. சுருக்கமாகச் சொன்னால், இந்த மாத்திரைகள் தம்மளவில் பாதுகாப்பானவை. சிக்கல் பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் வருகிறது: வாரக் கணக்கு தப்புவது, கரு கர்ப்பப்பைக்கு வெளியே இருப்பது தெரியாமல் போவது, ஆபத்து அறிகுறியைப் பார்த்தும் "சரியாகிவிடும்" என்று காத்திருப்பது. அதனால் இந்த மூன்றுக்கும் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

என்னென்ன மருந்துகள்? எப்படி வேலை செய்கின்றன?

இரண்டு மருந்துகள். முதலாவது மிஃபெப்ரிஸ்டோன். கர்ப்பத்தைத் தாங்கிப்பிடிக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் வேலை செய்யாதபடி இது தடுத்துவிடும். கர்ப்பப்பையின் உள்சுவர் தளர்ந்து, கருவின் பிடி விட ஆரம்பிக்கும். இரண்டாவது மிசோப்ரோஸ்டால். இது கர்ப்பப்பையைச் சுருங்க வைத்து, வாயை இளக்கி, உள்ளே இருப்பதை வெளியே தள்ளும். மிசோப்ரோஸ்டால் முதலில் வயிற்றுப்புண்ணுக்காக வந்த மருந்து. மிஃபெப்ரிஸ்டோனை 1988-இல் பிரான்ஸ் அனுமதித்தது. உலக சுகாதார நிறுவனம் 2005-இல் இந்த ஜோடியை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. புது மருந்து, சோதனை மருந்து என்று பயப்பட வேண்டியதில்லை.

இரண்டையும் சரியாக எடுத்தால் 100 பேரில் 95 பேருக்கு மேல் வேறு எதுவும் தேவைப்படாமல் முழுதாக முடிந்துவிடும். வாரம் கூடக்கூட இந்த எண் கொஞ்சம் குறையும்.

உடலுறவு முடிந்த மறுநாள் போடும் மாத்திரையும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது அவசரக் கருத்தடை மாத்திரை. லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி. என்பது பொதுவான வகை. கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போட்டு கர்ப்பம் உண்டாகாமல் தடுப்பதுதான் அதன் வேலை. உண்டாகிவிட்ட கர்ப்பத்தை அது கலைக்காது. நாள் தள்ளிப்போன பிறகு அதை இரண்டு மூன்று முறை விழுங்கிவிட்டு "வரவில்லையே" என்று காத்திருந்து நாலு வாரத்தை வீணாக்கியவர்கள் ஏராளம். மாதவிடாயை வரவழைக்கக் கொடுக்கும் ஹார்மோன் மாத்திரைகளுக்கும் இதே பதில்தான். முதலில் சிறுநீர் டெஸ்ட் செய்து பாருங்கள்.

எத்தனை வாரம் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். நாள் தள்ளிய தேதியிலிருந்தோ, உடலுறவு கொண்ட தேதியிலிருந்தோ எண்ணக் கூடாது. "தள்ளிப்போய் பத்து நாள்தான் ஆச்சு" என்றால், 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு 28-உடன் 10-ஐக் கூட்டி 38 நாள், அதாவது 5 வாரம் 3 நாள். "தள்ளிப்போய் ஒன்றரை மாதம்" என்பவருக்கு 10 வாரம் தாண்டியிருக்கும். அவரோ ஆறு வாரம் என்று நினைத்துக்கொண்டிருப்பார். இந்த ஒரு மாத வித்தியாசம்தான் பல சிக்கல்களின் வேர்.

தேதி சரியாக நினைவில் இல்லாதவர்கள், சுழற்சி ஒழுங்கற்றவர்கள், நீர்க்கட்டி உள்ளவர்கள், தாய்ப்பால் கொடுத்துக்கொண்டு இன்னும் மாதவிடாயே வராதவர்கள், கருத்தடை ஊசியை நிறுத்தியவர்கள், கடைசியாக வந்தது வழக்கத்தைவிட ரொம்பக் குறைவு என்பவர்கள் ஸ்கேன் எடுத்துவிடுவது நல்லது. அந்தக் குறைவான ரத்தம் மாதவிடாயாகவே இல்லாமல் கர்ப்ப காலக் கசிவாக இருந்திருக்கலாம். தேதி தெளிவாகத் தெரிந்து, வேறு எச்சரிக்கை எதுவும் இல்லாதவருக்கு ஸ்கேன் கட்டாயமில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

அளவும் நேரமும் என்ன?

முதல் நாள் மிஃபெப்ரிஸ்டோன் 200 மி.கி. மாத்திரை ஒன்று, தண்ணீருடன் விழுங்க வேண்டும். அதன்பின் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் மிசோப்ரோஸ்டால் 800 மைக்ரோகிராம், அதாவது 200 மைக்ரோகிராம் மாத்திரை நான்கு. இந்த நான்கையும் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் பக்கத்துக்கு இரண்டாகவோ, நாக்கின் கீழோ, பிறப்புறுப்பின் உள்ளேயோ வைக்கலாம். ரத்தப்போக்கு நடந்துகொண்டிருப்பவர் உள்ளே வைக்காமல் வாய்வழியைத் தேர்ந்தெடுப்பது மேல். ஒன்பது வாரத்தைத் தாண்டினால் நான்கு மணி நேரம் கழித்து இன்னொரு தவணை மிசோப்ரோஸ்டால் தேவைப்படலாம். அதை மருத்துவர் முன்கூட்டியே சொல்லி, கையில் கொடுத்தும் அனுப்புவார்.

மாத்திரையின் மைக்ரோகிராம் அளவைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். மிசோப்ரோஸ்டால் 25, 100, 200, 600 மைக்ரோகிராம் அளவுகளில் வருகிறது. 25 என்பது பிரசவ வலியைத் தூண்டுவதற்கானது. "நாலு மாத்திரை" என்று மட்டும் கேட்டு வைத்துக்கொண்டு 25 மைக்ரோகிராமில் நாலு போட்டால் மொத்தமே 100 மைக்ரோகிராம்தான். கொஞ்சம் வலியும் கொஞ்சம் கசிவும் வந்து, கர்ப்பம் அப்படியே இருக்கும்.

மிஃபெப்ரிஸ்டோன் கிடைக்காத இடங்களில் மிசோப்ரோஸ்டால் மட்டும், 800 மைக்ரோகிராம் வீதம் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை, குறைந்தது மூன்று தவணை கொடுப்பார்கள். அதுவும் பலன் தரும். ஆனால் பக்க விளைவு அதிகம், முழுதாக முடியாமல் போகும் வாய்ப்பும் கொஞ்சம் அதிகம்.

மிசோப்ரோஸ்டாலை அப்படியே விழுங்கிவிட்டால் என்ன?

விழுங்கினால் கல்லீரல் வழியாகப் போய் சீக்கிரம் உடைந்துவிடும். வயிற்றுப்போக்கு அதிகமாகும், கர்ப்பப்பைக்குக் கிடைப்பது குறையும். அதனால்தான் வாயில் 30 நிமிடம் வைத்துக் கரைய விடச் சொல்கிறார்கள். வாய் வறண்டிருந்தால் மாத்திரை கரையாமல் சுண்ணாம்புத் துண்டு மாதிரி கிடக்கும். வைப்பதற்கு முன் ஒரு வாய் தண்ணீர் குடித்து வாயை ஈரப்படுத்திக்கொள்ளுங்கள். அந்த அரை மணி நேரம் பேச வேண்டாம், சாப்பிட வேண்டாம். எச்சிலை விழுங்கலாம். 30 நிமிடம் முடிந்ததும் மிச்சமிருக்கும் மாவைத் தண்ணீர் விட்டு விழுங்கிவிடலாம். நாக்கு மரத்தாற்போல இருக்கும், சுவை கெட்டுப்போகும். அது கொஞ்ச நேரத்தில் போய்விடும்.

நாக்கின் கீழ் வைப்பதுதான் வேகமாக ஏறும். குளிர்நடுக்கமும் காய்ச்சலும் அதில்தான் அதிகம். உள்ளே வைப்பது மெதுவாக ஏறி நீண்ட நேரம் நிற்கும், வாந்தி பேதி குறைவு. உள்ளே வைத்தவர் அரை மணி நேரம் படுத்திருந்தால் போதும். பிறகு எழுந்து நடக்கும்போது துண்டுகள் விழுந்தாலும் மருந்து இறங்கியிருக்கும்.

வாந்தி எடுத்துவிட்டால் மறுபடி போட வேண்டுமா?

மிஃபெப்ரிஸ்டோன் விழுங்கி ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால், மறுபடி கொடுக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதற்குப் பிறகு என்றால் பிரச்சினை இல்லை. மிசோப்ரோஸ்டாலை 30 நிமிடம் வாயில் வைத்திருந்துவிட்டு வாந்தி எடுத்தால் கவலை வேண்டாம், வேண்டிய மருந்து வாயின் தோல் வழியாகவே ஏறியிருக்கும். குமட்டல் உள்ளவர்கள் வாந்திக்கான மாத்திரையை அரை மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளலாம்.

யார் இந்த மாத்திரைகளை எடுக்கவே கூடாது?

கர்ப்பப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில், கரு இருப்பவர் (கருக்குழாய் கர்ப்பம்), அல்லது அப்படிச் சந்தேகம் உள்ளவர். நாட்பட்ட அட்ரினல் சுரப்பிக் குறைபாடு உள்ளவர். ஸ்டீராய்டு மாத்திரையை நீண்ட காலமாக எடுத்துவருபவர். ரத்தம் உறையாத நோய் உள்ளவர், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர். பரம்பரை போர்ஃபைரியா (ரத்தத்தின் சிவப்பு நிறப்பொருள் உருவாவதில் வரும் குறைபாடு) உள்ளவர். இந்த மருந்துகளில் ஒன்றுக்கு முன்பு ஒவ்வாமை வந்தவர்.

ஸ்டீராய்டு ஏன் தடை என்று பலர் கேட்பதுண்டு. மிஃபெப்ரிஸ்டோன் புரோஜெஸ்டிரோனோடு நிற்பதில்லை, கார்ட்டிசால் ஹார்மோனின் வழியையும் சில நாட்களுக்கு அடைக்கிறது. ஆரோக்கியமான உடல் கூடுதலாகச் சுரந்து சமாளித்துவிடும். அட்ரினல் சுரப்பி வேலை செய்யாதவருக்கோ, மாத்திரை வடிவ ஸ்டீராய்டை நம்பியிருப்பவருக்கோ அந்தக் கூடுதல் எங்கிருந்தும் வராது. ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இவர்களுக்கு, சிறு குழாயால் கருவை உறிஞ்சி எடுக்கும் முறையே நல்ல வழி. முடியாதபோது நிபுணர் மேற்பார்வையில் மட்டும் மாற்று யோசிக்கலாம்.

காப்பர்-டி போன்ற கருத்தடைச் சாதனம் உள்ளே இருந்தால் முதலில் அதை எடுத்துவிட வேண்டும். சாதனம் இருந்தும் கர்ப்பம் தரித்தவருக்கு கருக்குழாய் கர்ப்பமாக இருக்கும் வாய்ப்பும் கூடுதல், அதனால் ஸ்கேன் அவசியம்.

ரத்தசோகை கடுமையாக இருப்பவர், கல்லீரல், சிறுநீரகம், இதயம் மோசமாகப் பாதிக்கப்பட்டவர் ஆகியோருக்கு "கூடாது" என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது. ஆனால் வீட்டில் செய்யும் காரியம் அல்ல. இரண்டு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாத இடத்தில் தனியாக இருப்பவருக்கும் அப்படித்தான். அது மருத்துவக் காரணம் இல்லை, ஆனாலும் எங்கள் பார்வையில் மேலே சொன்னவற்றுக்கு இணையான காரணம்.

கருக்குழாய் கர்ப்பத்தை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறீர்கள்?

இந்த மாத்திரைகள் அதைக் கரைக்காது. ஆனால் கரைத்தது போலத் தோற்றம் காட்டும். மிசோப்ரோஸ்டால் போட்டதும் கர்ப்பப்பையின் உள்சுவர் உதிர்ந்து ரத்தம் வரும், வலியும் வரும். "முடிந்தது" என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது குழாயில் கரு வளர்ந்துகொண்டே இருக்கும். ஒருநாள் குழாய் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும். வெளியே தெரியும் ரத்தம் கொஞ்சமாகவே இருக்கலாம்.

நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டு இப்படி அமையும். முன்பு ஒருமுறை கருக்குழாய் கர்ப்பம் வந்தவர், குழாயில் அறுவை சிகிச்சையோ குடும்பக் கட்டுப்பாடோ செய்தவர், இடுப்பெலும்புப் பகுதியில் கடும் தொற்று வந்தவர், காப்பர்-டி உள்ளவர் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். இவர்கள் மாத்திரைக்கு முன் ஸ்கேன் எடுக்காமல் இருக்கக் கூடாது. எந்த ஆபத்துக் காரணமும் இல்லாதவருக்கும் வரலாம் என்பதால் அறிகுறிகளை எல்லோரும் தெரிந்துவைக்க வேண்டும்: அடிவயிற்றின் ஒரு பக்கமாக விடாத வலி, தோள்பட்டை நுனியில் காரணமில்லாத வலி, மயக்கம், வியர்த்துச் சில்லிடுவது. தோள்வலிக்கு விளக்கம் உண்டு. வயிற்றில் தேங்கிய ரத்தம் உதரவிதானத்தை உறுத்த, அந்த நரம்பு வலியைத் தோளில் காட்டும்.

கர்ப்பம் ஐந்து வாரம் ஆகும் முன் எடுத்த ஸ்கேனில், கருவைச் சுற்றியுள்ள பை தெரியாமல் போகலாம். அது உடனே குழாய் கர்ப்பம் என்று அர்த்தமில்லை, இல்லை என்றும் அர்த்தமில்லை. ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோன் அளவை முன்னும் பின்னும் பார்த்துத் தீர்மானிப்பார்கள். மாத்திரை எடுத்து ஏழாவது நாளில் அந்த அளவு 80 சதவீதமாவது இறங்கியிருக்க வேண்டும்.

ஆஸ்துமா, சர்க்கரை, சிசேரியன், தாய்ப்பால்… எனக்கு எடுக்கலாமா?

ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் மட்டும் போடுபவர் எடுக்கலாம். மிசோப்ரோஸ்டால் மூச்சுக்குழாயைச் சுருக்கும் வகை அல்ல. அதே குடும்பத்தைச் சேர்ந்த கார்போப்ரோஸ்ட் ஊசிதான் சுருக்கும், அந்தப் பழியை இதன்மேல் போடுவது வழக்கமாகிவிட்டது. தடை வருவது கட்டுக்கடங்காத ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவருக்குத்தான்.

கட்டுப்பாட்டில் இருக்கும் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, தைராய்டு எதுவும் தடையில்லை. முன்பு சிசேரியன் ஆனவர் 12 வாரத்துக்குள் வழக்கமான அளவே எடுக்கலாம். அதைத் தாண்டினால் பழைய தையல் விட்டுப்போகும் அபாயம் கூடுவதால் ஆஸ்பத்திரியில்தான் செய்ய வேண்டும். இரட்டைக் கருவுக்கும் உடல் எடை அதிகமானவருக்கும் அளவில் மாற்றமில்லை.

தாய்ப்பால் தொடர்ந்து கொடுக்கலாம். மிஃபெப்ரிஸ்டோன் பாலில் மிகக் குறைவாகவே போகும். மிசோப்ரோஸ்டாலும் கொஞ்சம் போய்ச் சில மணி நேரத்தில் மறைந்துவிடும், குழந்தைக்கு லேசாகப் பேதி ஆகலாம். வேண்டுமானால் மாத்திரை வைப்பதற்குச் சற்று முன் பால் கொடுத்துவிடுங்கள்.

ரத்த வகை நெகட்டிவ் உள்ளவருக்கு 12 வாரத்துக்குள் மாத்திரையால் கலைக்கும்போது ஆன்டி-டி ஊசி (அடுத்த கர்ப்பத்தில் தாயின் உடல் குழந்தையின் ரத்தத்தை எதிர்க்காமல் தடுப்பது) தேவையில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வழிகாட்டி. சில நாடுகளில் 10 வாரத்துக்கு மேல் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது.

நான் எடுக்கும் மற்ற மருந்துகளோடு ஒத்துக்கொள்ளுமா?

காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமசெபின், ஃபெனிட்டாயின், ஃபீனோபார்பிட்டோன் ஆகியவை மிஃபெப்ரிஸ்டோனைச் சீக்கிரம் உடைத்து வீரியத்தைக் குறைக்கலாம். பூஞ்சைக்கான கீட்டோகோனசோல், இட்ராகோனசோல், ஆன்டிபயாடிக்கான எரித்ரோமைசின் ஆகியவை அதன் அளவை ஏற்றிவிடலாம். இதற்காக வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது இதைவிடப் பெரிய ஆபத்து. மருத்துவரிடம் பட்டியலைக் காட்டுங்கள், பலனைச் சரிபார்ப்பதில் அவர் கூடுதல் கவனம் வைப்பார்.

சாதாரணமாக வரும் பக்க விளைவுகள் எவை?

மிஃபெப்ரிஸ்டோன் போட்ட நாளில் பலருக்கு ஒன்றுமே தெரியாது. சிலருக்குக் குமட்டல், லேசான கசிவு. கசிவு வந்துவிட்டது என்று இரண்டாவது மருந்தை விட்டுவிடக் கூடாது.

மிசோப்ரோஸ்டால்தான் ஆட்டிவைக்கும். குளிர்நடுக்கம், காய்ச்சல், வாந்தி, பேதி, தலைவலி, தலைசுற்றல் எல்லாம் சில மணி நேரத்துக்குள் வந்து, 24 மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். போர்வை, வெதுவெதுப்பான தண்ணீர், பக்கத்தில் ஒருவர் இருந்தால் போதும்.

வலிக்கு என்ன போடலாம்?

இப்யூபுரூஃபன் 400 முதல் 600 மி.கி., 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, உணவுடன். ஒரு நாளுக்கு 2400 மி.கி.யைத் தாண்டக் கூடாது. இது மிசோப்ரோஸ்டாலின் வேலையைக் கெடுக்கும் என்றொரு நம்பிக்கை மருத்துவர்கள் மத்தியிலும் உண்டு. கெடுப்பதில்லை. மிசோப்ரோஸ்டால் வைக்கும்போதோ, வலி எழும்பும்போதோ போட்டுக்கொள்ளலாம். பாராசிட்டமால் இந்த வலிக்கு அவ்வளவாகக் கேட்காது. ஆனாலும் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, அல்லது இப்யூபுரூஃபன் வகை வலி மாத்திரைக்கு ஒவ்வாமை உள்ளவருக்கு அதுதான் வழி. ஆஸ்பிரின் வேண்டாம், ரத்தப்போக்கைக் கூட்டும். அடிவயிற்றில் சுடுநீர்ப் பை வைப்பது நிஜமாகவே உதவும்.

வலி வழக்கமான மாதவிடாய் வலியைவிடப் பலமடங்கு இருக்கலாம். கரு வெளியேறும் ஓரிரு மணி நேரம் உச்சத்தில் இருந்து, பிறகு சட்டென்று இறங்கும். மாத்திரை போட்டும், அந்த நேரம் கடந்தும், துளிகூடக் குறையாத வலி சாதாரணமல்ல.

ரத்தப்போக்கு எவ்வளவு வரை சரி?

பெரும்பாலும் மிசோப்ரோஸ்டால் வைத்து ஒன்று முதல் நான்கு மணி நேரத்தில் தொடங்கும். கட்டி கட்டியாக, சில எலுமிச்சை அளவுக்கும் வரும். நான்கைந்து மணி நேரம் பலமாக இருந்து, பிறகு மாதவிடாய் அளவுக்கு இறங்கும். சராசரியாக 9 முதல் 16 நாள் கசிவு நீளும். 100-இல் 8 பேர் வரை 30 நாளோ அதற்கு மேலோகூடப் போகலாம். நின்று நின்று வருவதும் உண்டு.

பயப்பட வேண்டிய எல்லை இது: பெரிய பேட் இரண்டு ஒரு மணி நேரத்தில் முழுக்க நனைவது, அதுவும் தொடர்ந்து இரண்டு மணி நேரம். "நனைவது" என்றால் முன்னும் பின்னும், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஊறி, தூக்கினால் கனமாக இருப்பது. நடுவில் ஒரு கைப்பிடி அளவு சிவப்பாவது கணக்கில் வராது. பதற்றத்தில் கணக்கு மறந்துபோகும். அதனால் பேட் மாற்றும் நேரத்தை ஒரு தாளில் குறித்துவையுங்கள்: "7.10 முழுசு, 7.40 முழுசு, 8.05 முழுசு, 8.35 முழுசு" என்று வந்துவிட்டால், எல்லையைத் தொட்டாயிற்று, கிளம்புங்கள். டேம்பன், மாதவிடாய்க் கப் இப்போதைக்கு வேண்டாம், அளவு தெரியாது.

பேட் கணக்கு எட்டாவிட்டாலும் எழுந்து நின்றால் கண் இருட்டுவது, நெஞ்சு படபடப்பது, உதடு வெளுப்பது இருந்தால் காத்திருக்க வேண்டாம். ரத்தம் ஏற்ற வேண்டிய நிலை ஆயிரத்தில் ஓரிருவருக்கே வருகிறது. ஆனால் அந்த ஓரிருவருக்கும் நேரம்தான் முக்கியம்.

வெளியே வருவது கண்ணுக்குத் தெரியுமா?

ஆறேழு வாரத்துக்குள் ரத்தக்கட்டியோடு கலந்துவிடும், பிரித்தறிய முடியாது. எட்டு ஒன்பது வாரத்தில் சாம்பல் வெள்ளையாக, சவ்வு மாதிரி ஒரு சிறு பை தெரியலாம். பத்து வாரம் தாண்டினால் வடிவமும் தெரியக்கூடும், மனதளவில் தயாராக இருப்பது நல்லது.

காய்ச்சல் மருந்தாலா, தொற்றாலா? எப்படிப் பிரிப்பது?

கடிகாரத்தை வைத்துத்தான். மிசோப்ரோஸ்டால் போட்ட அன்று வந்து, மறுநாளுக்குள் போனால் மருந்தால். 24 மணி நேரம் கடந்தும் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, போன காய்ச்சல் சில நாள் கழித்துத் திரும்பி வந்தாலோ தொற்றாகப் பார்க்க வேண்டும். நாற்றமடிக்கும் வெள்ளை அல்லது மஞ்சள் கசிவு, அடிவயிற்றைத் தொட்டாலே வலிப்பது ஆகியவையும் அப்படித்தான். தொட்டுப் பார்த்து "கொதிக்குது" என்று சொல்வது போதாது, தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள்.

அரிதாக, காய்ச்சலே இல்லாமலும் தொற்று தீவிரமாகும். க்ளோஸ்ட்ரிடியம் வகைக் கிருமி அப்படிச் செய்யும். ஒருநாள் கழிந்தும் விடாத வாந்தி பேதி, எழ முடியாத சோர்வு, வேகமான நாடித்துடிப்பு இருந்தால், காய்ச்சல் இல்லையே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். இது லட்சத்தில் ஒருவருக்கு என்ற அளவுக்கு அரிது, ஆனால் வேகம் அதிகம். முன்னெச்சரிக்கையாக எல்லோரும் ஆன்டிபயாடிக் போட வேண்டியதில்லை.

ரத்தமே வரவில்லை. என்ன செய்வது?

மிசோப்ரோஸ்டால் வைத்து 24 மணி நேரமாகியும் ஒன்றும் வரவில்லை, அல்லது பொட்டுப் பொட்டாகத்தான் என்றால் மூன்று காரணங்கள் இருக்கலாம்: மருந்து பலிக்கவில்லை, மருந்து கெட்டுப்போயிருந்தது, கரு கர்ப்பப்பையில் இல்லை. மூன்றாவதை விலக்கிய பிறகே இன்னொரு தவணை மிசோப்ரோஸ்டால் கொடுப்பார்கள். நீங்களாக அடுத்த அட்டையைப் பிரிக்காதீர்கள்.

மிசோப்ரோஸ்டாலுக்கு ஈரம் எதிரி. அட்டையில் ஊசிமுனை அளவு துளை இருந்தாலும், உள்ளே மாத்திரை உப்பியிருந்தாலும், பொடிந்திருந்தாலும் வீரியம் போயிருக்கும். கத்தரித்த அட்டை, அட்டை இல்லாமல் காகிதத்தில் மடித்த மாத்திரை எதையும் வாங்காதீர்கள்.

முதல் மாத்திரை போட்ட பிறகு மனம் மாறினால்?

இரண்டாவதை எடுக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். மிஃபெப்ரிஸ்டோன் மட்டும் எடுத்தால் கர்ப்பம் தொடரவும் வாய்ப்புண்டு. அந்த மருந்தால் குழந்தைக்கு ஊனம் வரும் என்று நிரூபணமில்லை. புரோஜெஸ்டிரோன் கொடுத்து "திருப்பிவிடலாம்" என்று சொல்லப்படுவதற்கு நம்பத்தக்க ஆதாரமில்லை. அதைச் சோதித்த ஒரு ஆய்வு 12 பேரோடு பாதியில் நின்றது, அவர்களில் 3 பேருக்குக் கடும் ரத்தப்போக்கு வந்ததால்.

முழுதாகக் கலைந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்?

பலமாக ரத்தம் போய்க் குறைந்தது, குமட்டலும் மார்பு வலியும் ஒரு வாரத்துக்குள் மறைந்தது என்றால் பெரும்பாலும் முடிந்தது. சாதாரண சிறுநீர் டெஸ்டை நாலு வாரத்துக்கு முன் செய்து குழம்ப வேண்டாம். கர்ப்ப ஹார்மோன் வடிய வாரங்கள் ஆகும், அதுவரை இரண்டு கோடு காட்டிக்கொண்டேயிருக்கும். நாலு வாரம் கழித்தும் இரண்டு கோடு என்றால் பரிசோதனை தேவை.

ஸ்கேனில் வரும் குழப்பம் வேறு. பத்தாம் நாள் ஸ்கேனில் "உள்ளே கொஞ்சம் மிச்சம் இருக்கிறது" என்று எழுதியிருப்பார்கள், உடனே சுத்தம் செய்யச் சொல்வார்கள். தடித்த உள்சுவரும் ரத்தக்கட்டியும் அந்த நேரத்தில் எல்லோருக்கும்தான் தெரியும். பை இல்லை, ரத்தப்போக்கு கட்டுக்குள், காய்ச்சல் இல்லை என்றால் அடுத்த மாதவிடாயோடு அது போய்விடும். ஸ்கேன் படத்துக்கு வைத்தியம் பார்க்கக் கூடாது, அறிகுறிக்குத்தான் பார்க்க வேண்டும்.

நிஜமாகவே மிச்சம் நின்று தொந்தரவு தந்தால், மிசோப்ரோஸ்டால் இன்னொரு தவணை, அல்லது சிறு குழாயால் உறிஞ்சி எடுப்பது. சுரண்டி எடுக்கும் பழைய முறையைவிட உறிஞ்சும் முறை பாதுகாப்பானது, அதையே கேளுங்கள்.

கலையாமல் கர்ப்பம் தொடர்ந்தால் குழந்தைக்குப் பாதிப்பு வருமா?

வரலாம். முதல் மூன்று மாதத்தில் மிசோப்ரோஸ்டால் பட்ட கருக்களில் கைகால் வளர்ச்சிக் குறையும், முகத்தசை அசையாத மோபியஸ் நோய்க்குறியும் வழக்கத்தைவிடச் சற்று அதிகமாகப் பதிவாகியிருக்கின்றன. பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன என்றாலும் அபாயம் உண்மை. அதனால் தோல்வியடைந்தால் வேறு முறையில் முடித்துவிடும்படி பரிந்துரைப்பார்கள். தொடர முடிவெடுப்பவர் மருந்து எடுத்ததை மறைக்காமல் சொல்லி விரிவான ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு குழந்தை பிறக்குமா? அடுத்த கர்ப்பம் எப்போது?

மாத்திரையால் கலைப்பது மலட்டுத்தன்மையை உண்டாக்காது, புற்றுநோயையும் வரவழைக்காது. உண்மையில் சொல்ல வேண்டியது இதற்கு நேர்மாறானது: மாத்திரை எடுத்து எட்டாவது நாளே கருமுட்டை வெளிவரலாம். மாதவிடாய் நாலு முதல் எட்டு வாரத்தில் திரும்பும், அதற்கு முன்பே மறுபடி கர்ப்பமாகலாம். கருத்தடை மாத்திரையை மிசோப்ரோஸ்டால் வைக்கும் நாளிலேயே தொடங்கலாம். காப்பர்-டி என்றால் கரு வெளியேறியது உறுதியான பிறகு. கருத்தடை ஊசியை மிஃபெப்ரிஸ்டோன் நாளிலேயே போட்டால் கர்ப்பம் தொடரும் வாய்ப்பு லேசாகக் கூடுகிறது, சில நாள் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம்.

ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் என்ன சொல்ல வேண்டும்?

கடைசி மாதவிடாய்த் தேதி, எந்த மருந்து, எத்தனை, எந்த வழியில், எந்த நாள் எத்தனை மணிக்கு, எத்தனை பேட் நனைந்தது. ரத்த வகையும் ஒவ்வாமையும் தெரிந்தால் அதையும். மாத்திரை அட்டையைத் தூக்கிப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், அதில் அளவும் தொகுதி எண்ணும் இருக்கும். தானாகக் கலைந்த கருவுக்கும் இதற்கும் சிகிச்சை ஒன்றுதான். ஆனால் மருந்து விவரம் தெரிந்தால், காய்ச்சல் எதனால், அடுத்த தவணை கொடுக்கலாமா, குழாய் கர்ப்பத்தைத் தேட வேண்டுமா என்பதை அவர்கள் பல மணி நேரம் முன்னதாகவே முடிவு செய்ய முடியும். உங்களால் பேச முடியாமல் போனால் சொல்வதற்கு, கூட வருபவரிடமும் இதே விவரங்கள் எழுதிய தாள் ஒன்று இருக்கட்டும்.